நீரோவின் காதுக்குக் கீழே

கரூரில் ரோமானியக் காசு சேர்க்கும் பைத்தியம் உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பாவாயி டீச்சர் வீட்டு மாடியில் கூடுவார்கள். டீச்சர் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். ஒரு காசு நல்லதா போலியா என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காசுக்குச் சொந்தக்காரர் தன் கையால் அதை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்துக் கேட்க வேண்டும். கேட்காத காசைப் பற்றி டீச்சர் நல்லதும் சொல்லமாட்டார், கெட்டதும் சொல்லமாட்டார்.

சென்னியப்பன் ஒரு நாளும் கேட்டதில்லை. படுக்கை விரிப்பு நெய்யும் தறிகளுக்கு முதலாளி. டீச்சரைவிட வயதில் மூத்தவர் என்றாலும் மற்ற எல்லோருக்கும் முந்தி வந்து சேர்ந்த சீடர். மற்றவர்களிடம் செம்பும் வெள்ளியும்தான் இருந்தன. தங்கக்காசு அவரிடம் மட்டும் இருந்தது. ஒரு பக்கம் நீரோ மன்னன், தாடைக்குக் கீழே சதை தொங்க, நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவன் போல இருப்பான். கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டியில், சிவப்பு வெல்வெட்டின் மேல், எந்நேரமும் சென்னியப்பனின் சட்டைப் பையில் கிடப்பான்.

வருஷா வருஷம் நடக்கும் கண்காட்சியில் நடுமேசை அந்தப் பெட்டிக்குத்தான். கூட்டத்தில் அவரை 'நீரோ அண்ணன்' என்பார்கள். அவர் கோபித்துக்கொள்வது போல நடிப்பார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த மகுடேஸ்வரி கூட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டையைப் பிரித்து ஒரு தங்கக்காசைக் காட்டினாள். அதிலும் அதே நீரோ.

"அண்ணா, உங்களுதுக்கு ஜோடி வந்துருச்சுங்க" என்று சிரித்தாள்.

சென்னியப்பனும் சிரித்தார். வயிறு எரிந்தது.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வளையலும் ரிப்பனும் விற்கிற பொம்பளைக்கு ரோமாபுரி ராஜா எதற்கு என்று தறிச் சத்தத்துக்கு நடுவே நின்று யோசித்தார். நடுமேசையில் இரண்டு பெட்டிகள் இருப்பதை நினைத்தார். நினைக்க நினைக்க அவளுடையது பெரிதாகவும் தன்னுடையது சிறியதாகவும் தெரிந்தது. நூல் விலை ஏறிவிட்டதா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தார்.

அந்தக் காசு போலியாக இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு மகுடேஸ்வரி காசை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாத்துச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மேசையில் விரித்திருந்த கறுப்புத் துணியின் மேல் வைத்தார்.

சென்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. "ஒண்ணு கேக்கட்டுங்களா டீச்சர்? போலியக் கண்டுபிடிக்கறதுக்கு என்னதாங்க வேணும்? லென்ஸா, தராசா, படிப்பா?"

டீச்சர் லென்ஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே பாருங்கண்ணா."

சென்னியப்பன் குனிந்தார். அவர் கண் அன்றைக்கு இருந்த கூர்மைக்கு லென்ஸே வேண்டியிருக்கவில்லை.

"எழுத்தப் பாருங்க. அச்சுல அடிச்ச காசுன்னா எழுத்து வெட்டி வெச்சாப்பல நிக்கணும். இது தேஞ்ச சோப்பு மாதிரி இருக்குதுங்க."

"அப்புறம்?"

"தலைமுடிக்கு நடுவால ஊசி குத்துனாப்பல குழி. உருக்கி ஊத்தும்போது காத்து நின்ன எடமுங்க."

"அப்புறம்?"

"சுத்தியும் அரம் போட்டிருக்குது. வார்ப்போட ரெண்டு பாதி சேர்ந்த கோட்ட மறைக்கறதுக்கு."

டீச்சர் தலையசைத்தார். "மூணும் சரிங்கண்ணா. இத்தன வருசத்துல நீங்க ஒரு காசையும் இவ்வளவு நல்லாப் பாத்ததில்ல."

மகுடேஸ்வரியின் முகம் செத்துப்போயிற்று. "கல்யாண வளையலப் போட்டு வாங்குனதுங்க டீச்சர்" என்றாள்.

"தங்கம் தங்கந்தான் கண்ணு. எடைக்கு எடை போகும். ராஜா மட்டுந்தான் பொய்."

சென்னியப்பனுக்கு உள்ளே கற்கண்டைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனால் இனிப்புதான் அதிகம். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"இது எதப் பாத்து எடுத்த நகல்னுகூட என்னால சொல்ல முடியுங்க" என்றார்.

"சொல்லுங்க."

"நீரோ காதுக்குக் கீழ பாருங்க. குருணை அளவுக்கு ஒரு தழும்பு. அதே தழும்பு, அதே எடத்துல, என்ற காசுலயும் இருக்குது" என்று தன் சட்டைப் பையைத் தட்டினார்.

மகுடேஸ்வரி நிமிர்ந்தாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சமிருந்தது. "ஏனுங்கண்ணா, ரெண்டும் ஒரே அச்சுல அடிச்சதா இருக்கக் கூடாதுங்களா?"

"அச்சு ஒண்ணா இருக்கலாம் அம்மணி. அடி ஒண்ணாப் படாது. தழும்பு வந்து, அந்தந்தக் காசு போன போன எடத்துல பட்டது. ஒரே எடத்துல ஒரே தழும்புன்னா ஒண்ணு வார்ப்பு. என்ற காச வெச்சுத்தான் எவனோ உன்றதச் செஞ்சிருக்கறான்."

"உங்க காச யார்ட்டயாச்சும் குடுத்தீங்களாண்ணா?" என்று டீச்சர் கேட்டார்.

"குடுக்கறதா! பொட்டிய விட்டு வெளிய எடுத்ததே கெடையாதுங்க. எனக்கு வர்றதுக்கு முந்தியே எவனாச்சும் வார்ப்பு எடுத்திருப்பான்."

"காட்டுங்க."

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்தார். மூடி திறக்க மறுத்தது. நகத்தால் நெம்பித் திறந்தார். சிவப்பு வெல்வெட்டில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தன் கையாலேயே காசை எடுத்து, அந்த வீட்டு மாடியில் முதல் தடவையாக, டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.

"எல்லாரும் பக்கத்துல வந்து பாருங்க" என்றார். "நெசம் எது, நகல் எதுன்னு தெரிஞ்சு போகட்டும்."

டீச்சர் கறுப்புத் துணியிலிருந்த காசையும் எடுத்து அதே உள்ளங்கையில் போட்டார். மறுகையால் மூடினார். குலுக்கினார்.

"டீச்சர்!" என்று சென்னியப்பன் பதறிப்போனார்.

டீச்சர் இரண்டையும் துணியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு நீரோக்களும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நகலச் சொல்லுங்கண்ணா."

"இதென்னங்க பெரிய காரியம்" என்று சென்னியப்பன் குனிந்தார். இடது பக்கத்துக் காசைப் பார்த்தார். மழுங்கிய எழுத்து, ஊசிக் குழி, அரம் போட்ட விளிம்பு. எல்லாம் சொன்னபடியே இருந்தன.

"இதுதாங்க" என்று அதை மகுடேஸ்வரி பக்கம் தள்ளிவிட்டார்.

"இன்னொண்ணையும் பாத்துருங்க. அதே கண்ணுல."

சென்னியப்பன் வலது பக்கத்துக் காசின் மேல் லென்ஸை வைத்தார்.

இதிலும் அதே மழுங்கிய எழுத்து, அதே ஊசிக் குழி, அதே அரம். கைநீட்டி, தள்ளிவிட்ட காசைத் திரும்ப இழுத்து வைத்துப் பார்த்தார். மறுபடி வலது. மறுபடி இடது. தன் காசின் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்த நேரங்கள் எத்தனையோ. அதன் முதுகை அவர் சரியாகப் பார்த்ததில்லை. விளிம்பைத் தொட்டதில்லை. எடை போட்டதுமில்லை. அவர் காதோரம் வியர்த்தது. கொண்டு வந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. மகுடேஸ்வரி காசுகளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். பிறகு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியில் சென்னியப்பன் லென்ஸைக் கீழே வைத்தார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கிப்போயிருந்தது.

"டீச்சர்... இதுல என்ற காசு எதுங்க?"

"எது நெசமோ அது உங்களுதுங்கண்ணா" என்றார் டீச்சர். "எடுத்துக்குங்க."