நனையாத படங்கள்

ஆசிரியைக்கு வயது முப்பத்தாறு, மாணவருக்கு அறுபத்திரண்டு. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற தணிகாசலம், புகைப்படம் கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தாவை வாய் நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

சென்னையின் மழைக்காலத் தெருக்களைப் படமெடுத்து அவளுடைய மாணவர்கள் வருடாவருடம் கண்காட்சி வைப்பார்கள். ஆளுக்கு ஒரு படம். மூன்று வருடமாகத் தணிகாசலத்தின் படம் மட்டும் சுவர் ஏறவில்லை. இந்த வருடம் மனிதர் முந்திக்கொண்டு சம்பந்தி வீடு வரைக்கும் அழைப்பு அனுப்பிவிட்டார்.

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது நாற்பது படங்களை அவள் முன்னால் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுக்கி, திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன குறை டீச்சர்?”

“அழகா இருக்கு சார். ஆனா நனையலை.”

“எல்லாமே கொட்டுற மழையில எடுத்தது.”

“நாளைக்குக் காலையில புளியந்தோப்பு வந்துடுங்க.”

மறுநாள் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஜெசிந்தா அவருக்கு முன்பே வந்து ஒரு வீட்டு வாசலில் தொப்பலாக நின்று தன் கேமராவில் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் எதிரே அண்ணன் தம்பி இருவர், தங்கள் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மா குடையைத் தனக்குப் பிடிக்காமல் மகன்களுக்குப் பிடித்திருந்தார்.

தணிகாசலம் கேமராவை உயர்த்தினார். உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. லென்ஸ் முழுக்கப் பனி மூட்டம். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடியும் மூடியது. நாற்காலி அவரைக் கடந்து, முனை திரும்பிப் போய்விட்டது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வயதில் தெருவில் நின்று அழ முடியாதே என்று லென்ஸை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

“துடைக்காதீங்க சார். ஏசியில இருந்து வந்திருக்கு. தெருவோட சூடு அதுல ஏறணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி ஆகலாம்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

அவள் அவர் கேமராவை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதற்குள் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“சார், சும்மாதானே நின்னுக்கினு இருக்கீங்க. இத்த ஒரு கை புடிங்க.”

தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்ற வேண்டும். தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முதல் முறை தூக்கும்போது அவருக்குக் கால் வழுக்கியது; இரண்டாம் முறை தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாத்து சார். மோட்டார்ல தண்ணி பூந்தா என் தீபாவளி போச்சு.”

“எத்தனை ரவிக்கைம்மா பாக்கி?”

“பதினாறு. அதுல நாலு கல்யாணப் பொண்ணுது.”

மூன்றாம் முறை மெஷின் ஏறியது. பிறகு ரவிக்கைத் துணிகளை ஒவ்வொன்றாக அவர் எடுத்துக் கொடுக்க, அந்தப் பெண் கொடியில் போட்டாள். அரை மணிக்கு மேலேயே ஆகியிருக்கும்.

ஜெசிந்தா வாசலில் இருந்தபடியே கேமராவை நீட்டினாள். லென்ஸ் தெளிந்திருந்தது.

“என்னையா எடுக்கப் போறீங்க?” என்று கேட்ட அந்தப் பெண், இடுப்புக்குக் கீழே சேறாக நின்றவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். “மொதல்ல உங்கள எடுக்கணும் சார்.”

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் ஒரே ஒரு படம் எடுத்தார்.

திரும்பி நடக்கும்போது ஜெசிந்தா அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இவங்க பேரு என்ன சார்?”

“லோகேஸ்வரி. கல்யாணப் பொண்ணு ரவிக்கை நல்லவேளை நனையலை டீச்சர்.”

“படம் நனைஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை சுவர்ல மாட்டிடலாம்.”

தணிகாசலம் சந்தோஷத்தில் தண்ணீரைச் சளப் சளப்பென்று மிதித்து நடந்தார். கார் வரைக்கும் வந்தபிறகுதான் அவருக்கு இன்னொன்று தோன்றியது.

“டீச்சர், உங்க லென்ஸ்ல மட்டும் ஏன் பனி படியலை?”

“நான் பஸ்ல வந்தேன் சார். ஜன்னல் மூடலை.”