சேந்தனின் நீளமான கட்டியம்

முன்னொரு காலத்திலே வேங்கைநாட்டைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒரு கட்டளை, மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று, அப்பேர்ப்பட்ட ராஜா!

அரண்மனைக்கு எதிரே பெரிய ஏரி. அதில் தளபதி சேந்தன் இருபது துடுப்புப் படகில் சீறிப் பாய்வான். எழும்புகிற அலையில் மீன்பிடிப் பரிசல்கள் குப்புறக் கவிழும். ஒருநாள் பேச்சி என்கிற மீன்காரி தண்ணீர் குடித்துச் செத்துப் பிழைத்து, ஈரச் சேலையோடு சபையில் வந்து நின்றாள்.

"அன்னம் நீந்துகிற வேகத்துக்கு மேல் எந்தப் படகும் போகக் கூடாது!" என்றான் ராஜா.

சேந்தன் சிரித்தான். "நானும் அன்னம் போலத்தானே போனேன், மகாராஜா! வேகத்தை அளக்க மரக்காலா இருக்கிறது? பரிசல்களை விரட்டுங்கள், தொல்லை தீரும்."

"அதுவும் சரிதான்!" ராஜா குட்டிக்கரணம் அடித்தான். "மந்திரியாரே, நாளைக்குள் வேகத்தை அளந்து காட்டும். இல்லையேல் ஏரியில் பரிசலே கிடையாது!"

பேச்சி தலையில் கைவைத்தாள். மந்திரி திருமேனியார் அவளைப் பார்த்தார். 'இவள் பிழைப்பு என் கையிலா வந்து விழ வேண்டும்!'

சேந்தன் எழுந்து புறப்பட்டான். கட்டியக்காரன் அவன் பட்டங்களை முழங்கினான். ஆள் தெருமுனைக்கே போயாச்சு, பட்டம் முடிந்தபாடில்லை. திருமேனியார் முகம் மலர்ந்துவிட்டது. பின்னாலேயே ஓடினார்.

"தளபதியாரே, நாளை படகு விடும்போது பட்டங்களை ஒன்று விடாமல் சொல்லச் சொல்லட்டுமா?"

"பின்னே? இன்னும் இரண்டு சேர்த்தே சொல்லட்டும்!"

மறுநாள் ஏரியில் இரண்டு கம்பங்கள் நின்றன. திருமேனியார் அறிவித்தார்: "முதல் கம்பத்தில் படகுக்காரரின் கட்டியம் தொடங்கும். அது முடியுமுன் இரண்டாம் கம்பத்தைத் தாண்டினால் படகு பறிமுதல்!"

"ஏரி கலக்கி, அலை அடக்கி, புலிக்குப் புலி..." கட்டியக்காரன் இழுத்தான். சேந்தனின் இருபது துடுப்பும் அந்தரத்தில் நின்றன. பின்னால் வந்த பரிசலுக்கு "பேச்சி!" என்று ஒரே சொல்தான்.

"சாமி, கொஞ்சம் ஒதுங்குங்க, சந்தைக்கு நேரமாச்சு!" என்று அவள் தாண்டிப் போனாள். கரையே கொல்லென்று சிரித்தது.

சேந்தனுக்குப் பொறுக்கவில்லை. "போதும்டா! வெறும் சேந்தன்னு சொல்லித் தொலை!"

கரையிலிருந்த ராஜா துள்ளிக் குதித்தான். "பட்டத்தை அவனே உதறிவிட்டான்! பட்டக்காரனுக்குத்தான் இருபது துடுப்பு. வெறும் சேந்தனுக்குப் பரிசல் போதும்!" தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

சேந்தன் பரிசலில் ஏறித் துடுப்புப் போட்டான். அது நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது.

"மந்திரியாரே, இதன் வேகம் என்ன?"

"இரண்டாம் கம்பத்துக்கு வந்து சேரட்டும் மகாராஜா, அப்புறம் அளப்போம்!"