ஸ்பிரிங் இல்லாத வால்வு

“இந்தப் படம் மெஷின் மாதிரியே இல்லையே, மேடம்” என்றாள் சண்முகக்கனி.

பலகையில் வரைந்துகொண்டிருந்த ஜெபமலர் திரும்பினாள்.

“இருக்காதுக்கா.”

“அப்போ எதுக்குப் படம்?”

“வால்வு எப்படி இருக்குன்னு தெரியணும்னா மெஷினைப் பாருங்க. அது என்ன செய்யும்னு தெரியணும்னா படத்தைப் பாருங்க.”

கோவில்பட்டியில் ஒரு பயிற்சிக்கூடம் அது. காற்றழுத்தத்தில் ஓடும் மெஷின்களைப் பற்றி அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சண்முகக்கனி கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றில் பாக்கெட் போடும் மெஷினைப் பார்த்துக்கொள்பவள். கம்பெனிதான் அவளை அனுப்பியிருந்தது. ஆசிரியை ஜெபமலர் அவளைவிட இளையவள். மாணவி ஆசிரியையை மேடம் என்றாள். ஆசிரியை மாணவியை அக்கா என்றாள்.

பலகையில் ஒட்டினாற்போல் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் அம்புகள்.

“இது ரெண்டு வால்வா?”

“ஒண்ணுதான்.”

“பின்ன ஏன் ரெண்டு கட்டம்?”

“காலைல கம்பெனில இருக்கீங்க. சாயங்காலம் வீட்டுல இருக்கீங்க. நீங்க ரெண்டு பேரா?”

வகுப்பு சிரித்தது. சண்முகக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு என்றதும் அவள் கண் மடியில் இருந்த போனுக்குப் போனது.

“போனை வெளிய வச்சிட்டுத்தான் வரணும்கா.”

“ஒருத்தர் கூப்பிடுவாரு, மேடம்.”

அவள் சொன்ன விதத்தைக் கேட்ட ஜெபமலர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாரும் கூப்பிடவில்லை.

சண்முகக்கனியின் கணவன் பெயர் தவசி. வெல்டிங் வேலை. மாசி மாதத்தில் ஒருநாள் அவள் ஷிப்ட் முடிந்து வீடு வர நேரமாகிவிட்டது. சோறு ஆக்கவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னான். தாங்கக்கூடிய வார்த்தைதான். அன்றைக்கு அவளால் தாங்க முடியவில்லை. அவன் துணிமணிகளைப் பையில் திணித்துத் தெருவில் எறிந்தாள்.

தெருவே பார்த்தது.

தவசி பையை எடுத்தான். மண்ணைத் தட்டினான். பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தான்.

முன்னாலும் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான். இருட்டுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுவிடும். அவன் கேட்காமலே அவள் தட்டு எடுத்து வைப்பாள். அதோடு சண்டை முடிந்துவிடும்.

அன்றைக்குச் சத்தம் கேட்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்திருப்பதாக ஒரு வாரம் கழித்து அவன் தம்பி வந்து சொன்னான்.

“கோபம் இறங்கினா தானா வந்துருவாரு” என்றாள் அவள்.

கேட்டவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி ஆடிக்காற்றும் வந்துவிட்டது. ராத்திரி காற்றில் கதவு அசையும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். உள்தாழ்ப்பாள் போடுவதை எப்போதோ விட்டிருந்தாள்.

*

மறுநாள் வகுப்பில் ஜெபமலர் கட்டத்தின் வலது ஓரத்தில் மேலும் கீழுமாக ஒரு நெளிகோடு போட்டாள்.

“இது என்ன மேடம், மின்னலா?”

“ஸ்பிரிங்.”

“அது எதுக்கு?”

“பட்டனை அழுத்தினா வால்வு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும். கையை எடுத்துட்டா ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்கே தள்ளிவிட்டுரும்.”

“தானாவா?”

“தானா.”

“நாம ஒண்ணும் செய்ய வேண்டாமா?”

“சும்மா இருந்தா போதும்.”

மேசைமேல் அந்த வால்வு இருந்தது. அதிலிருந்து ஒரு சிலிண்டருக்குக் குழாய்கள் போயின. சண்முகக்கனி பட்டனை அழுத்தினாள். சிலிண்டரிலிருந்து ராடு என்கிற இரும்புத் தண்டு வெளியே நீண்டது. கையை எடுத்தாள். ராடு உள்ளே வந்துவிட்டது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி எடுத்தாள். வந்தது.

பின்னால் நின்றவர்கள் தங்கள் முறைக்காக முணுமுணுத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவை ராடு திரும்பும்போதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஜெபமலர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் சண்முகக்கனியின் அருகில் வந்தாள்.

“கூப்பிடுவாருன்னீங்களே, யாருக்கா அது?”

“எங்க வீட்டுக்காரரு.”

“எங்க இருக்காரு?”

“நாமக்கல்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.”

“நீங்க கூப்பிட்டீங்களா?”

“நான் ஏன் கூப்பிடணும்? கோபம் இறங்கினா தானா வருவாரு.”

ஜெபமலர் மேசையில் இருந்த வால்வைக் கழற்றினாள். அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். குழாய்களைச் சொருகினாள். அந்த வால்வின் படத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

“அழுத்துங்க.”

சண்முகக்கனி அழுத்தினாள். ராடு வெளியே நீண்டது.

“கையை எடுங்க.”

எடுத்தாள்.

“ராடு உள்ள வந்ததும் கூப்பிடுங்க. நான் சாப்பிட்டுட்டு வாரேன்.”

ஜெபமலர் போய்விட்டாள்.

சண்முகக்கனி காத்திருந்தாள்.

ராடு நீண்டபடியே நின்றது.

கொஞ்சம் மெதுவாக வரும் போலிருக்கிறது என்று நினைத்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள். கண்ணை எடுக்காமல் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூடிவைத்தாள்.

வரவில்லை.

காற்றுக் குழாயைத் தொட்டுப்பார்த்தாள். விறைப்பாகத்தான் இருந்தது. சிலிண்டரை லேசாகத் தட்டினாள். ராடை விரலால் தள்ளிப்பார்த்தாள். அது அசைந்துகொடுக்கவில்லை.

“வாயேன்” என்றாள்.

தன் குரல் அந்தக் காலிக் கூடத்தில் கேட்டது அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

வால்வு கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டினாள். கெட்டுப்போன ஒன்றை மாட்டிவிட்டுப் போய்விட்டாளே என்று ஜெபமலர்மேல் எரிச்சல் வந்தது. வேறு செய்ய ஒன்றுமில்லாமல் படத்தை எடுத்தாள்.

இரண்டு கட்டங்கள். அம்புகள். இடது ஓரத்தில் பட்டன் குறி. எல்லாம் காலையில் பார்த்ததுதான்.

வலது ஓரத்தில் நெளிகோட்டைத் தேடினாள்.

இல்லை.

வரைந்தவர்கள் விட்டுவிட்டார்களோ என்று இன்னொரு தடவை பார்த்தாள். அந்த இடம் வெறுமையாக இல்லை. அங்கேயும் ஒரு பட்டன் குறி இருந்தது.

சண்முகக்கனி படத்தைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியாதபடி, வால்வின் அந்தப் பக்கத்தில் இன்னொரு பட்டன் இருந்தது.

அழுத்தினாள்.

புஸ்ஸென்று காற்று வெளியேறியது. ராடு உள்ளே வந்தது.

ஜெபமலர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“கூப்பிடவே இல்லையே, அக்கா.”

“கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், மேடம்.”

“கெட்டுப்போகல.”

“ஆமா” என்றாள் சண்முகக்கனி. “கெட்டுப்போகல.”

கையில் இருந்த படத்தை மேசைமேல் வைத்தாள்.

“நாளைக்கு எனக்கு லீவு வேணும், மேடம்.”

“நாளைக்குப் பரீட்சைக்கா. எழுதலைன்னா சர்ட்டிபிகேட் வராது. கம்பெனில கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

ஜெபமலர் காற்றைத் திறந்துவிடும் குழாயை மூடினாள்.

“போயிட்டு வாங்க.”

*

நாமக்கல்லில் அந்தப் பட்டறையைக் கண்டுபிடிக்க நாலைந்து பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. வாசலில் பாதி கட்டிய லாரி ஒன்று நின்றது. அதன் அடியில் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது.

யாரோ குரல் கொடுத்தார்கள். பொறி நின்றது.

தவசி வெளியே வந்தான். முகத்துக்குப் பிடித்திருந்த கண்ணாடித் தடுப்பை இறக்கினான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பயந்துவிட்டான்.

“யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“பின்ன?”

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். பையை எறிந்தது தப்பு என்று தொடங்குவதாக இருந்தது. எதுவும் வாயில் வரவில்லை.

“உங்களைக் கூப்பிட வந்தேன்.”

தவசி கையுறையைக் கழற்றினான். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்து நின்றான்.

“எந்த பஸ்ல வந்த?”

“மதுரையில இருந்து மாறி வந்தேன்.”

“மத்தியானம் வருமே, அந்தப் பச்சை வண்டியா?”

“அதேதான்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஞாயித்துக்கிழமையானா பஸ் ஸ்டாண்டுலதான் போய் நிப்பேன்.”