தெருமுக்கில் நின்ற தேர்

கப்பல்காரர்கள் நம் கரையில் இறங்கிக் கொட்டகை மட்டும் போட்டிருந்த காலம். கோட்டை இன்னும் எழும்பவில்லை. கரையோரத்து ஊர் ஒன்றில் ஒரு தேர் இருந்தது. அதை இழுக்க இரண்டு வடங்கள் இருந்தன. வலப்பக்கத்து வடத்துக்கு வலத்தான் என்று பெயர், இடப்பக்கத்து வடத்துக்கு இடத்தான். இரண்டு பேரும் ஒரே தோப்பு நாரில் ஒரே சமயத்தில் திரிக்கப்பட்டவர்கள்; வலத்தான் ஒரு முறுக்கு மூத்தவன். தேரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எல்லாம் இடத்தானின் வயிற்றெரிச்சலில் தொடங்கியது. தேரோட்டத்தன்று முதல் தேங்காயும் முதல் சந்தனமும் வலத்தானுக்குப் போகும். இடத்தானுக்கு அதற்கு அடுத்தது.

"இழுக்கிற பாரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? நான் என்ன இளைச்சவனா?" என்று ஒவ்வொரு வருஷமும் அவன் முறுக்கிக்கொள்வான்.

"குடுத்ததை வாங்கிக்கிட்டு இழுடா," என்பான் வலத்தான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

நடுத்தெருவில் இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். வெயில் ஏறும். கடைசியில் தேரம்மா, "சாமி வெயில்ல காயுதுடா. அப்புறமா அடிச்சுக்குங்க," என்பாள். சண்டையைப் பாதியில் போட்டுவிட்டு இழுப்பார்கள். சாயங்காலம் தேர் நிலைக்கு வந்துவிடும். அந்தச் சண்டையை யாரும் தீர்த்துவைத்தது கிடையாது. தீர்த்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அந்த வருஷம் இடத்தானுக்குத் தோன்றியது.

கரைக் கொட்டகையில் ஒரு நங்கூரச் சங்கிலி குடியிருந்தார். ஊரார் சங்கிலித்துரை என்பார்கள். வந்த புதிதில், "உடம்பை நீட்டிப் படுக்கக் கொஞ்சம் மணல் போதும்" என்று கேட்டு வாங்கிய இடம் அது. இப்போது அங்கே வேலியும் இருந்தது, காவலும் இருந்தது. துரைக்கு நம் பேச்சு வராது. அவர் நுனியில் உள்ளூர் உலையில் அடித்த கொக்கி ஒன்று மாட்டியிருந்தது. துரை கலகலவென்று அசைந்தால் அது இன்னதுதான் என்று கொக்கி எடுத்துச் சொல்லும்.

இடத்தான் வேலியோரம் போய் நின்றான். "துரைகிட்ட ஒரு நியாயம் கேக்கணும்."

கொக்கி அவனை மேலும் கீழும் பார்த்தது. "வெறுங்கையை வீசிக்கிட்டா வர்றது? துரைக்கு உப்புக்காத்து ஆகலை. உடம்பெல்லாம் துரு. எண்ணெய் கொண்டா."

தேரம்மாவின் அச்சுக்குப் போட என்று கோவிலில் ஒரு ஜாடி விளக்கெண்ணெய் இருந்தது. இடத்தான் அதில் பாதியை எடுத்துக்கொண்டு போனான். விஷயம் காதில் விழுந்ததும் வலத்தான் மீதிப் பாதியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளைகள் எப்படியாவது சமாதானமானால் சரி என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

துரை எண்ணெயில் புரண்டு எழுந்து, இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். பொறுமையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு கொக்கி தீர்ப்பைச் சொன்னது.

"கிழக்குத் தெருவும் தெற்குத் தெருவும் வலத்தானுக்கு. மேற்குத் தெருவும் வடக்குத் தெருவும் இடத்தானுக்கு. அவரவர் தெருவிலே அவரவருக்கே முதல் மரியாதை. அவரவர் தெருவிலே அவரவர் மட்டுமே இழுக்க வேண்டும். அடுத்தவன் தெருவிலே கை வைத்தால் குற்றம்."

இடத்தானுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முழுசாக இரண்டு தெரு! வலத்தானுக்கும் மனக்குறை இல்லை. "தர்மதுரை" என்று இருவரும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். திரும்பி வரும் வழியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. சண்டைதான் தீர்ந்துவிட்டதே.

தேரோட்டம் வந்தது. கிழக்குத் தெருவில் வலத்தான் தனியாக இழுத்தான். தேர் ஒருக்களித்து, வீட்டுக் கூரைகளை இடித்துக்கொண்டு, நகர மாட்டாமல் நகர்ந்தது. எண்ணெய் காணாத அச்சு வலியில் கத்தியது. எப்படியோ தெற்குத் தெருவையும் கடந்து, மேற்குத் தெரு திரும்பும் முக்குக்கு வந்ததும் வலத்தான் பொத்தென்று விழுந்தான்.

"என் தெரு முடிஞ்சுபோச்சு. இனி அவன் பாடு."

இடத்தான் மேற்குத் தெருத் தொடக்கத்தில் மாலையும் சந்தனமுமாகக் காத்திருந்தான். அப்போதுதான் அவனுக்கு முதல் தேங்காய் உடைத்திருந்தார்கள். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"இடத்தான், கொஞ்சம் முன்னால வந்து என்னைத் திருப்பிவிடுடா," என்றாள் அம்மா.

இடத்தான் எட்டிப் பார்த்தான். முக்கு அவன் தெருவிலும் இல்லை, வலத்தான் தெருவிலும் இல்லை. தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"முக்குல கை வெச்சுப் பாரு. நேரா துரைகிட்டப் போயி நிப்பேன்," என்றான் வலத்தான்.

"அப்ப நீயே திருப்பு."

"நான் திருப்பினா நீ போயி நிப்பே. எனக்குத் தெரியாதா?"

ஜனங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எந்த வடத்தைத் தொட்டாலும் வம்பு. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முக்கு யாரோடதா இருந்தா என்னடா? நான் உங்க ரெண்டு பேருக்கும் அம்மாதானே?"

இடத்தான் மாலையைக் கழற்றினான். மரியாதையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் என்று ஓர் எட்டு எடுத்து வைக்கப் போனான். அதற்குள் கூட்டத்திலிருந்து கொக்கியின் குரல் வந்தது. "துரை பார்த்துக்கிட்டிருக்காங்க."

எடுத்த காலை இடத்தான் பின்னால் வைத்துவிட்டான். அந்த ஓர் எட்டை நினைத்தால் சொல்லுகிற எனக்கே ஆறவில்லை.

துரையிடம் போனார்கள். இது சிக்கலான விஷயம் என்றார் துரை. கடலுக்கு அப்பால் இருக்கும் பெரிய சங்கிலியைக் கேட்க வேண்டும், கப்பல் போய்த் திரும்ப வேண்டும், அதுவரை முக்கை யாரும் தொடக்கூடாது.

அன்று சாயங்காலம் சாமியை ஒரு துணியால் மூடி, மேளதாளம் இல்லாமல், தோளில் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனார்கள். ஊரில் அன்று எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. அம்மா முக்கிலேயே நின்றாள்.

வெயில் போய் மழை வந்தது. சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. இடத்தான் தன் தெருவின் ஓரம் வரை வந்து நின்று பேசுவான்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. தீர்ப்பு வந்துரும்."

"வரட்டும்டா. நீ ஏன் நனையறே? நார் ஊறிடும். உள்ளே போ."

அவள் ஒரு தடவையாவது திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவே இல்லை.

கப்பல்காரர்கள் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். பீரங்கி வண்டிகள் அந்த முக்கு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பாதையில் இடைஞ்சல் என்று ஒரு நாள் துரையே புறப்பட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. தேரைச் சுற்றிக் கட்டி ஒரே இழுப்பு. அத்தனை நாள் திரும்பாத தேர் முக்கில் திரும்பியது, கடற்கரையைப் பார்த்து. இடத்தான் தன் தெருவில் நின்றபடியே, "அம்மா, அம்மா" என்று கத்தினான். வண்டிச் சத்தத்தில் அது அவள் காதில் விழுந்ததோ என்னவோ. சக்கரங்கள் பீரங்கிகளுக்குப் போயின. பலகைகள் கோட்டைக் கதவுக்குப் போயின.

அடுத்த வருஷம் கப்பல் வந்தது. கொக்கி தெருத்தெருவாகப் போய்ப் பெரிய சங்கிலியின் தீர்ப்பைச் சொன்னது. முக்கு இடத்தானுக்கே சொந்தம்.

இடத்தான் முதல் தடவையாக முக்கில் கால் வைத்தான். சக்கரம் புதைந்த பள்ளங்களில் புல் முளைத்திருந்தது. அதன்மேல் விழுந்து அழுதான். இந்தப் பாரத்தைச் சொல்லி அழ ஊரில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு, அவனும் அதே அம்மாவுக்கு வடமாக இருந்தவன் என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது. போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுந்தான்.

வலத்தானே எதிரில் வந்தான். துரை கொட்டகையில் மூட்டை இறக்கிப் பிரிபிரியாகப் போயிருந்தான்.

"ஜெயிச்சிட்டியாமே?"

"அண்ணே, அம்மா..."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். நான் மேல்முறையீடு போட்டுட்டேன்."

இடத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஓர் எட்டு பின்னால் போய் முக்கிலேயே நின்றுகொண்டான்.

"போடு," என்றான். "நானும் பார்த்துடறேன்."