பெரும்பனிக்கு ஊர்ல இல்லாதவ

ஒரு ஊர்ல ஹெட்டின்னு ஒரு பாட்டி இருந்தா. ஊர் எங்கேன்னு கேளு. இங்கிலாந்துல, ஒரு பெரிய மேட்டு மேல. அங்கே மரமே கிடையாது. ஊதாப்பூ பூக்கிற குட்டைச் செடி, சொதசொதன்னு சேறு, செம்மறி ஆடு, அப்புறம் "ஊ... ஊ..."ன்னு ஓயாத காத்து. ஊர் பேரு பிராக்கன்பி. கேக்குறியா?

ம்.

வியாழக்கிழமை சாயங்காலமானா அந்த ஊர்ப் பெரியவங்கல்லாம் சர்ச்சுக்குப் பின்னாடி ரூம்ல கூடுவாங்க. டீ குடிச்சுக்கிட்டே பழசெல்லாம் பேசுவாங்க. பேச்சு எங்கே ஆரம்பிச்சாலும் கடைசியில பெரும்பனியிலதான் வந்து நிக்கும். அவங்கல்லாம் சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ கொட்டின பனி. வீடு, ரோடு, ரயில் பாதை எல்லாத்தையும் மூடிடுச்சாம்.

அந்தக் கதையை மார்ஜி சொல்லணும். அவ ஹெட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, கூடப் படிச்சவ. "தொப்பு... தொப்புன்னு கூரையிலேருந்து விழும்!"னு அவ கையை விரிச்சா, எல்லாரும் டீயை ஆறவிட்டுட்டுக் கேப்பாங்க. ஹெட்டிக்கு வயிறு திகுதிகுன்னு எரியும். ஏன்னா, பெரும்பனி கொட்டினப்போ அவ ஊர்லயே இல்லை. இருமலுக்கு நல்லதுன்னு கடலோரம் அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஊருக்கே இருக்கிற ஞாபகம் அவளுக்கு மட்டும் இல்லை. அப்போ நான் இந்த ஊர்க்காரியே இல்லையான்னு உள்ளே ஒரே குடைச்சல்.

அப்புறம் ஒருநாள் தாங்கமாட்டாம பொய் சொல்லிப் பார்த்தா.

"சர்ச் கதவு வரைக்கும் பனி வந்துச்சே!"

"கதவா? கதவு எங்கேடி தெரிஞ்சுது? நாங்க ஜன்னல் வழியால்ல இறங்கினோம்"னா மார்ஜி.

அப்புறம், "பால் வண்டி தெருமுனையில மாட்டிக்கிச்சே!"ன்னா.

"பால்காரரே வீட்டை விட்டு வரலையே!"ன்னாங்க எல்லாரும்.

அப்புறம், "எங்க நாய் ராத்திரியெல்லாம் லொள் லொள்னு..."

"உங்க நாயா? அது எங்க அடுப்புப் பக்கத்துலல்ல சுருண்டு கிடந்துது! நாய்கூட ஊர்ல இருந்துச்சு, நீதான்டி இல்லை!"ன்னா மார்ஜி.

கொல்லுன்னு சிரிப்பு. முழிச்சிருக்கியா?

ம்... அழுதாளா?

அழலை. விருட்டுன்னு எழுந்தா. மூஞ்சி செவந்துபோச்சு. "ஆமா, நான் இல்லை! அத்தை வீட்டுலதான் இருந்தேன். தினம் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். பிராக்கன்பி ரயில் வருமான்னு கேப்பேன். அங்கே இருந்தவர் இல்லைன்னு தலையை ஆட்டுவார். நீங்கல்லாம் பனிக்கடியில செத்துட்டீங்கன்னே நினைச்சேன்."

எல்லாரும் டீக் கப்பைக் கீழே வெச்சாங்க.

"அப்புறம் ஒருநாள் கூ...ன்னு வந்துச்சு ரயில். கூரை மேல வெள்ளையா, நம்ம ஊர்ப் பனி! ஒரு கட்டி சறுக்கிக்கிட்டு வந்து பொத்துன்னு பிளாட்ஃபார்ம்ல விழுந்துச்சு. எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். கரியும் புகையுமா ஒரே கசப்பு. பெரும்பனியில எனக்குக் கிடைச்சது அவ்வளவுதான்."

அத்தனை வருஷமா எல்லாரும் உள்ளே இருந்ததையே பேசிக்கிட்டு இருந்தாங்க. வெளியே ஒருத்தி தவிச்சுக்கிட்டு நின்னது யாருக்கும் தெரியாது. டீ ஊத்துற அம்மா, அந்த ஊர்ல புடவை முந்தானை கிடையாதே, கைக்குட்டையால கண்ணைத் துடைச்சாங்க. மார்ஜிக்கு மட்டும் மூஞ்சி உம்முன்னு ஆயிடுச்சு. இவ்வளவு நல்ல கதை தன்கிட்ட இல்லையேன்னு!

கூட்டம் கலைஞ்சு ஹெட்டியும் மார்ஜியும் வீட்டுக்கு நடந்தாங்க. சரக் சரக்குன்னு கூழாங்கல் பாதை. அப்புறம் மார்ஜி மெதுவா கேட்டா: "ஏண்டி, நிஜமாவே எனக்காகவும் பயந்தியா?"

"உனக்காகத்தான் முதல்ல பயந்தேன்."

"பொய். என்னைக் கண்டாலே உனக்கு ஆகாதே."

"அதான்டி! நீ போயிட்டா நான் யாரைப் பார்த்து வயிறு எரியறது?"

மார்ஜி களுக்குன்னு சிரிச்சா. ஹெட்டியோட கையைக் கோத்துக்கிட்டா. காத்து ஊ...ன்னு தள்ள, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டே மேடு ஏறிப் போச்சுங்க.

அவங்க வீடு போய்ச் சேர்ந்தாச்சு, கதையும் ஆச்சு. நீ கண்ணை மூடு.