இஞ்சியைத் துப்பு!

குளக்கரைக் காட்டில் தேனப்பன் என்றொரு கரடி இருந்தது. போன மழைக்காலத்தில் அதற்கு நெஞ்சை அடைத்தது. "வாயுப் பிடிப்புதான்!" என்று இஞ்சியைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது. கடைசியில் சுருண்டு விழுந்தது. யானை தூக்கிப்போய் நாரை வைத்தியரிடம் சேர்த்ததால் உயிர் தப்பியது. மறுபிறவி என்றுதான் சொல்ல வேண்டும், பாவம்!

அன்றிலிருந்து தேனப்பனுக்கு ஒரே வேலை. காலையில் தண்ணீர் குடிக்க வரும் யாரையும் அது விடாது.

"நெஞ்சு அடைச்சா இஞ்சியைத் தேடாதீங்க! நடக்காதீங்க, உட்காருங்க! பக்கத்துல இருக்கிறவங்க உடனே வைத்தியர்கிட்ட சேர்த்துடுங்க!"

மான்கள் தலையாட்டும். "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சப்பா!" என்று யானை சிரிக்கும். மொட்டைவால் பன்றிக்கு மட்டும் எரிச்சல்.

"பிழைச்சு வந்தவன் பேசாம கிடக்க வேண்டியதுதானே! காலங்காத்தால நெஞ்சு, நோவுன்னு என்ன அபசகுனப் பேச்சு? எனக்கெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிக்கும்!"

கரடிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மறுநாளும் வந்து நின்றது. வலி பட்டவனுக்குத்தானே தெரியும்!

ஒருநாள் இஞ்சிப் புதரில் முனகல் கேட்டது. பன்றி வேர்த்து விறுவிறுத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வாய் நிறைய இஞ்சி.

"என்னடா செய்யுது?" என்றது கரடி.

"ஒண்ணுமில்லே! வாயு! நீ போ!"

"நானும் இதையேதான்டா சொன்னேன்! துப்பு! உட்காரு!"

பன்றி உட்காரவில்லை, சாய்ந்துவிட்டது. "அண்ணே, என் குட்டிங்க..." என்றது. கண்ணில் நீர் வழிந்தது.

அந்த நோவுக்குப் பிறகு தேனப்பனால் ஓட முடியாது. நின்ற இடத்திலிருந்தே, "நெஞ்சு அடைச்சிருச்சு!" என்று கத்தியது. என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தினமும் காதில் விழுந்ததுதானே! வைத்தியருக்குச் சொல்ல மான் முன்னால் பாய்ந்தது. யானை பன்றியை அலுங்காமல் தூக்கிப்போனது.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என் கையிலே ஒண்ணுமில்லே!" என்றது நாரை.

பன்றி தேறியதும் நேராகக் குளத்துக்கு வந்தது. கரடியின் பக்கத்தில் நின்றது.

"அண்ணே, நீங்க உட்காருங்க. உங்க குரல் அக்கரைக்குக் கேக்கலே." பிறகு தொண்டை கிழியக் கத்தியது: "டேய் எருமை! வாயில என்னடா, இஞ்சியா? துப்பு!"

"ஐயோ, வெறும் புல்லுப்பா!" என்றது எருமை.

தேனப்பன் வயிறு குலுங்கச் சிரித்தது.

தப்பிப் பிழைத்தவர் தாம் பட்டதைக் கூச்சப்படாமல் ஊருக்குச் சொன்னால், அடுத்தவர் உயிரும் பிழைக்கும்.