கிளமெண்டின் முதல் தோல்வி

ராயபுரம் கிளமெண்ட் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர். இருபத்திரண்டு பந்தயங்களில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. அவருக்குக் கையுறை மாட்டி, மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவது மஸ்தானின் வேலை.

"எல்லாம் நான் தனி ஆளா ஜெயிச்சது. உன்னால இன்னா பிரயோஜனம்? என்னைத் தொடாம தோற்கடி. முடியலன்னா நாளைலேர்ந்து வராத," என்றார் ஒருநாள்.

"சரிண்ணே." மஸ்தான் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். பயிற்சிக் கூடத்தில் வேறு யாருமில்லை.

சற்று நேரத்தில், காலையில் குடித்த நாலு சொம்பு மோர் வேலையைக் காட்டியது. கழிப்பறைக்கு ஓடிய கிளமெண்ட் போன வேகத்தில் திரும்பினார். முடிச்சைப் பல்லால் கடித்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"டேய், சீக்கிரம் அவுத்துவுடு."

"தொடக்கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க."

கால் மாற்றிக் கால் நின்றபடி சாம்பியன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தோத்துட்டேன்டா. இப்போ தொடு."